தனக்கோடியின் இடக்கை

அல்சூர், பெங்களூர்
20-1-1955

மாமாவுக்கு தனக்கோடி எழுதுவது.

பொங்கலுக்கு நீங்கள் போட்ட கடிதம் வந்தது. அதற்கு முன் போட்டவையும் வந்தன. நான் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தை உங்களுக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எழுதவில்லை போலிருக்கிறது. உங்களைப் பெற்ற தாய்க்கு எழுத மனம் வரவில்லை என்றால் நான்தான் எழுத வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மில்லில் என் இடது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. நாங்கள் நூல் சுற்றுகிற ரீலிங் மெஷினுக்கு ஓரத்தில் பல்சக்கரங்கள் உண்டு. அவற்றின் மேல் ஒரு இரும்பு மூடி இருக்கும். தீபாவளிக்கு முன்னால் ரிப்பேர் என்று அதைக் கழற்றினார்கள். திரும்பப் போடவில்லை. அன்றைக்கு நூல் போய் அங்கே சிக்கிக்கொண்டது. எடுக்கப் போனேன்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் சத்தம் நின்றுவிட்டது. மெஷின்களெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. மேலேயிருந்து பஞ்சுத் தூசு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின் லட்சுமம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். இவள் ஏன் இப்படிப் பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே கீழே விழுந்தேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. வலது கைக்கு ஒன்றும் இல்லை. இதை நானேதான் எழுதுகிறேன். காகிதம் நழுவாமல் இருக்க அம்மா அதன் மேல் உப்பு ஜாடியை வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

ஒரு விஷயம் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கை போகவில்லை. விடியற்காலையில் ஏரிப் பக்கமிருந்து பனி வந்தால் அதன் விரல்கள் குளிர்கின்றன. சில நேரம் உள்ளங்கையில் ஈரப் பஞ்சு ஒட்டியிருப்பது போல இருக்கிறது. துடைக்கப் போனால் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. பயமாக இல்லை. பழகிவிட்டது.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார்கள். அதற்கப்புறம் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. நமக்குப் பரிசம் போட்ட நாளில் இருந்த தனக்கோடி வேறு, இப்போது இருக்கிறவள் வேறு. நீங்கள் யோசித்து ஒரு வார்த்தை எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. பரிதாபப்பட்டு மட்டும் எழுத வேண்டாம்.

தனக்கோடி


காஷ்மீர், 56 ஏ.பி.ஓ.
11-2-1955

அன்புள்ள தனக்கோடிக்கு,

உன் கடிதம் வந்த நாளில் நாங்கள் ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். பிரித்துப் படித்துவிட்டு சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் பலகை அடித்தேன். கூட இருந்த முனிகிருஷ்ணன், "ஏன்டா கோவிந்தா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

இங்கே பனி விழுகிறது. சத்தமே இல்லாமல் விழுகிறது. மழை என்றால் ஒரு சத்தம் இருக்கும், மனுஷன் சுதாரித்துக்கொள்வான். இது அப்படி இல்லை. உன் மில் வாசலில் சங்கு ஊதும்போது நான் காத்திருப்பேன் இல்லையா, நீங்களெல்லாம் தலையில் பஞ்சோடு வெளியே வருவீர்கள். இங்கே மலை, மரம், எங்கள் லாரி எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. எல்லாமே ஷிப்டு முடிந்து வெளியே வந்தது போல.

யோசித்து எழுதச் சொல்லியிருக்கிறாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேசிய பேச்சு பேசியதுதான். அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். இனிமேல் நீ அந்த மில் வாசலை மிதிக்க வேண்டாம். உன்னை உட்காரவைத்துச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது. ராணுவச் சம்பளம் குறைந்ததல்ல.

எங்கள் கம்பெனி ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் டென்சில் என்பவரைப் பிடித்து உங்கள் மில் மானேஜருக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். பட்டாளத்துக்காரன் எழுதினால் ஒரு மரியாதை இருக்கும். உன் காரியம் சீக்கிரம் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கைக்குக் குளிர்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து நான் கையுறை போடும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

கோவிந்தன்


அல்சூர்
6-3-1955

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. கனவில் நீங்கள் கட்டுகிற பாலம் வந்தது. பாலத்துக்குப் பலகை இல்லை, நூல்தான் இருந்தது. இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே அதன் மேல் நடந்து வந்தேன். கீழே நம் அல்சூர் ஏரி. எழுந்தபோது அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ரொம்ப நேரம் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

இங்கே நடந்ததையும் எழுத வேண்டும். போன மாதம் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா, முதலாளி பெரிய மனசு பண்ணிக் குடுக்கறாரு" என்றார். இங்கிலீஷில் இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்குங்க?" என்றேன். "உனக்கு வேண்டியதுதான் எழுதியிருக்கு" என்றார். எனக்கு வேண்டியது எனக்கே தெரியவில்லை, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

லட்சுமம்மா என்னை யூனியன் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஜெயராஜ் என்று ஒருவர் இருக்கிறார். தாளில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொன்னார். தப்பு என்மேல்தான், இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று இருக்குமாம். "அப்படி எழுதிக் குடுத்தாலும் சட்டத்துல செல்லாதும்மா. வேலை செய்யற இடத்துல வேலையினால அடிபட்டா நஷ்ட ஈடு உண்டு. அது தர்மம் இல்ல, பாத்யதை" என்றார். பாத்யதை என்கிற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வாய்க்கு நன்றாக இருக்கிறது.

நஷ்ட ஈட்டுக் கமிஷனர் என்று சர்க்காரில் ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஏப்ரலில் விசாரணை. சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறதாம், எந்த உறுப்புப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போனதாகக் கணக்கு என்று. இடது கை என்றால் வலது கையைவிடக் குறைவு. அதைக் கேட்டதும் என் இடது கைக்குக் கோபம் வந்தது. விரலை மடக்கிக்கொண்டது, நிஜமாகத்தான்.

நீங்கள் மானேஜருக்கு எழுதியதும் நல்லதுதான். நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பீர்கள்.

வேலை விஷயம் நேரில் பேசிக்கொள்வோம். எனக்கு மில் ஞாபகமாகவே இருக்கிறது. சங்கு ஊதினால் கால் தானாகத் தரையில் இறங்குகிறது.

தனக்கோடி


அல்சூர்
19-4-1955

கோவிந்தன் அவர்களுக்கு,

நேற்று விசாரணை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லட்சுமம்மா முதலில் சாட்சி சொன்னாள். மூடி எப்போது கழன்றது, எத்தனை முறை கேட்டும் மாட்டவில்லை என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். மில் வக்கீல், "ஓடற மெஷின்ல கை விட்டது அந்தப் பொண்ணோட கவனக்குறைவுதானே?" என்றார். "மெஷின நிறுத்தினா மேஸ்திரி திட்டுவாரு சாமி. நீங்க வந்து ஒரு நாள் நில்லுங்க, தெரியும்" என்றாள். கமிஷனர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குத் தைரியம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே குல்மோஹர் பூத்திருந்தது. இதெல்லாம் யாருக்கோ நடக்கிறது, நான் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன் என்பது போல இருந்தது.

அப்போது வக்கீல் ஒரு கடிதத்தை எடுத்தார். உங்கள் கடிதம். சத்தமாகப் படித்து, எனக்குப் புரிவதற்காகத் தமிழிலும் சொன்னார். "நான் தனக்கோடியை மணக்கப் போகிறவன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளை எந்த வேலைக்கும் அனுப்பமாட்டேன். ஆகவே தயவுசெய்து இந்த விஷயத்தைச் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள்." படித்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் ஆனா இந்தப் பொண்ணு வேலைக்கே வராது. கட்டிக்கப் போறவரே எழுதிட்டாரு. சம்பாத்தியமே இல்லாதவங்களுக்குச் சம்பாத்திய நஷ்டம் எங்கேருந்து வந்தது?"

எனக்கு மறுபடியும் காது அடைத்துவிட்டது, மில்லில் அன்றைக்கு அடைத்த மாதிரி. ஜெயராஜ் எழுந்து ஏதோ சொன்னார். கமிஷனர் விசாரணையை ஜூலைக்குத் தள்ளிவைத்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போன பிறகு நான்தான் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கினேன். என் கூலியில்தான் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி போட்டேன். வேலைக்குப் போவேனா மாட்டேனா என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளைக் கேட்க வேண்டும். நீங்கள் மானேஜருக்கு எழுதினீர்கள், டென்சிலிடம் சொன்னீர்கள், அத்தைக்கு எழுதினீர்கள். அந்த ஒரு ஆளைக் கேட்கவில்லை.

மெஷின் எடுத்தது ஒரு கை. மெஷினுக்குக் கண் இல்லை.

இனிமேல் கடிதம் வேண்டாம்.

தனக்கோடி


56 ஏ.பி.ஓ.
8-5-1955

தனக்கோடிக்கு,

வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் என்ன கெடுதலா நினைத்தேன்? ஊரில் எந்த ஆண்பிள்ளையும் சொல்வதைத்தான் சொன்னேன். அடிபட்ட பெண்ணைத் திரும்ப அந்த மெஷினிடமே அனுப்புவேன் என்று எழுதியிருந்தால் உலகம் என்னைக் காறித் துப்பாதா? அந்த வக்கீல் திருப்பிப் பேசுவான் என்று எனக்கென்ன தெரியும்? இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, உனக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று தவித்து எழுதினேன். அதற்கு மெஷினைவிட மோசம் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். இருக்கட்டும்.

ராணுவத்தில் எங்களுக்குக் கை போனால் பென்ஷன் உண்டு. யாரும் எங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பனி உருகுகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. நம் ஊர்க் கோயிலில் இந்நேரம் பூப்பல்லக்குத் திருவிழா முடிந்திருக்கும்.

கோவிந்தன்


பதான்கோட் ஸ்டேஷன்
2-7-1955

தனக்கோடிக்கு,

மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரியும். ஜூன் முழுவதும் நானும் எழுதவில்லை.

அதில் பென்ஷனைப் பற்றி எழுதிய வரி என்னை விடவில்லை. மலைமேல் பனி மூட்டத்தில் காவல் நிற்கும்போது ஒரு கனவு மாதிரி வரும். கண் திறந்தேதான் இருக்கும். நான் ஒரு பெரிய ஆபீஸில் நிற்கிறேன். எனக்குக் கை இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "இவருக்குச் சம்பளம் எதுக்கு? இவரைக் கட்டிக்கப் போற பொண்ணு வேலைக்கு அனுப்பமாட்டேன்னு எழுதியிருக்கே" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் பேசப் பேச வாயிலிருந்து பனிதான் வருகிறது.

முனிகிருஷ்ணனிடம் சொன்னேன். அவன் ஆனேக்கல்காரன், சுற்றி வளைத்துப் பேசமாட்டான். "போய்ச் சொல்லிட்டு வாடா. எழுதினது நீ. நீதான் போவணும்" என்றான்.

லீவு கேட்டேன். கொடுத்தார்கள். விசாரணைத் தேதியை ஜெயராஜுக்கு எழுதித் தெரிந்துகொண்டேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். நேரே கமிஷனர் ஆபீஸுக்கு வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டியதில்லை. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா என்பதும் தெரியவில்லை. ஒரே ரயிலில்தான் இரண்டு பேரும் வருகிறோம் என்று நினைக்கிறேன்.

கோவிந்தன்


அல்சூர்
7-8-1955

மாமாவுக்கு,

நீங்கள் வந்ததும் போனதும் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆடி மாதத் தூறலில் யாரோ குடையில்லாமல் வந்து நின்றுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. பட்டாள உடுப்பில் அந்த ஆபீஸ் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இளைத்துவிட்டீர்கள். கன்னத்தில் குளிர் அடித்துத் தோல் உரிந்திருந்தது. இதையெல்லாம் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

கமிஷனர் உங்களைக் கேட்டபோது நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் இவங்கள வேலைக்கு அனுப்புவீங்களா, மாட்டீங்களா?" என்றார். வக்கீல் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். நீங்கள் எழுந்து நின்று, "அதை அவங்களத்தான் கேக்கணும் சார். நான் கேக்காம எழுதிட்டேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் என்னைப் பார்த்து, "நீவு ஹேளி அம்மா" என்று என்னையே சொல்லச் சொன்னார். நான் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் குரல் சின்னதாகத்தான் வந்தது. "போவேன் சார். ஒரு கையால என்ன வேலை உண்டோ அதுக்குப் போவேன்" என்றேன்.

படியில் இறங்கும்போது நீங்கள் "வரேன்" என்றீர்கள். நான் "சரி" என்றேன். ஸ்டேஷனுக்கு வரலாம் என்று கிளம்பினேன். கண்டோன்மெண்ட் வரைக்கும் நடந்தும் வந்தேன். உள்ளே வராமல் வெளியே மழைமரத்தடியில் நின்றேன். ரயில் போகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு இடது கைக்கு ரொம்ப நேரம் சூடாக இருந்தது, யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயராஜ் படித்துச் சொன்னார். மூடி இல்லாத மெஷின் மில்லுடைய பொறுப்பு. ஒரு தொழிலாளி கவனக்குறைவாக இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை போய்விடாது. கை போனது வேலையினால். அவள் கல்யாணம் செய்துகொள்வதும் கொள்ளாததும் இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லாத விஷயம். அட்டவணையில் இருப்பதை மில் முழுவதும் கட்ட வேண்டும். இடது கைக்கு உள்ளதுதான். அதை மாற்றக் கமிஷனருக்கு அதிகாரம் இல்லையாம். வேலை திரும்பக் கொடு என்று சொல்லவும் அதிகாரம் இல்லையாம்.

ஆகவே பாதி ஜெயித்தேன். மீதிக்கு நானே போக வேண்டும்.

கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம். கோபத்தினால் சொல்லவில்லை. ஒரு காரியம் முடியட்டும். நீங்கள் கடிதம் எழுதலாம்.

தனக்கோடி


அல்சூர்
30-10-1955

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியவை எல்லாம் வந்தன. மலையில் செனார் மரம் சிவந்துவிட்டது என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மரம் எப்படியம்மா சிவக்கும் என்கிறாள்.

செப்டம்பரில் நான் மானேஜரைப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை உள்ளே விடவில்லை. இரண்டாம் தடவை, "உனக்குத்தான் பணம் கட்டியாச்சே, இன்னும் என்ன?" என்றார். நூல் கட்டுகளை எடை போட்டு எழுதுகிற இடத்தில் ஆள் இல்லை, அதற்கு ஒரு கை போதும், எனக்குத் தமிழும் கணக்கும் தெரியும், கன்னடம் கொஞ்சம் எழுதுவேன் என்றேன். "இன்னைக்குச் சேருவே, நாளைக்குக் கல்யாணம்னு போயிடுவே" என்றார். எனக்குப் பின்னால் கதவு திறந்தது. லட்சுமம்மா. அவளுக்குப் பின்னால் ரீலிங் பெண்கள் எல்லோரும், தலையில் பஞ்சோடு. மெஷின்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். யாரும் கலாட்டா செய்யவில்லை. கதவருகே வந்து சும்மா நின்றார்கள். மில்லில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. குருவி கத்துவது கூடக் கேட்டது. மானேஜர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

மாசம் முடிந்துவிட்டது. நான் அங்கேதான் இருக்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மத்தியானம் மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும்போது நூல் கட்டுகள் எல்லாம் மிதப்பது போல இருக்கும். கொஞ்சம் கண் சொக்கும். அப்போது எந்தக் கையால் எடுத்து வைக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. எடை சரியாகத்தான் வருகிறது.

அத்தை நேற்று வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் கொண்டுவந்து அம்மா எதிரில் உட்கார்ந்து, "என்மேல கோவம் இருந்தா சொல்லிடு தனம், மனசுல வெச்சுக்காதே" என்றார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது என் முழங்கையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார்கள். தை மாதம் நல்ல நாள் பார்த்திருக்கிறார்களாம். என் விருப்பத்தைக் கேட்டார்கள். கல்யாண விஷயத்தில் இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அதனால் இரண்டாம் தடவையும் கேட்கட்டும் என்று சும்மா இருந்தேன். கேட்டார்கள். சரி என்று சொன்னேன்.

இன்றைக்குக் காலையில் மானேஜர் மேஜைமேல் ஒரு தாளை வைத்தேன். அவர், "என்ன, வேலைய விட்டுப் போறியா?" என்றார்.

"இல்லைங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு வேணும்" என்றேன்.

தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு லீவு கிடைத்துவிட்டது. நீங்கள் உங்கள் கேப்டனைக் கேளுங்கள்.

தனக்கோடி